எண்ணின் இலக்கங்களைச் சுழற்றி ஒப்பிடும் கேள்வி: மதிப்பெண் எங்கே போகிறது?

ஓர் எண்ணை அதன் சுழற்சிகளோடு (முதல் இலக்கத்தைக் கடைசிக்கு நகர்த்தி நகர்த்திக் கிடைக்கும் எண்களோடு) ஒப்பிட்டு, அதுதானா மிகப் பெரியது என்று கேட்கும் நிரல் செய்முறைத் தேர்வுகளில் வரும். பத்துப் பன்னிரண்டு வரிதான். ஆனால் எண்ணுக்குள் சுழியம் இருந்தால் பலருடைய விடை உடைந்துவிடும்.

முதலில் எண்ணின் முதல் இலக்கத்தின் இடமதிப்பைக் கண்டுபிடியுங்கள். இடம் = 1, இலக்கம் (இலக்கங்களின் எண்ணிக்கை) = 1 என்று தொடங்கி, எண் / இடம் 10-க்குக் குறையாத வரை இடத்தைப் பத்தால் பெருக்கி, இலக்கத்தில் ஒன்றைக் கூட்டுங்கள். 1024-க்கு இடம் 1000, இலக்கம் 4. எண் 0 என்றாலும் இந்த முறை ஓர் இலக்கம் என்றே சரியாகச் சொல்லும். சி மொழியில் இதற்கு, அடுக்கைக் கணக்கிடும் பவ் (pow) ஃபங்ஷனை நாட வேண்டாம். அது தசம எண்ணைத் திருப்பித் தருவதால், சில கம்பைலர்களில் முழு எண்ணாக மாற்றும்போது 100-க்குப் பதில் 99 வந்துவிடும்.

இடப்பக்கச் சுழற்சிக்கான வரி இது:

புதியது = (பழையது % இடம்) * 10 + பழையது / இடம்

இங்கே % என்பது வகுத்தபின் வரும் மீதி, / என்பது ஈவின் முழு எண் பகுதி. பைத்தானில் ஒற்றைச் சாய்கோடு தசமத்தைத் தரும். இரட்டைச் சாய்கோடு போடுங்கள்.

இனி முக்கியமான இடம். 1024-ஐச் சுழற்றினால் 0241 வர வேண்டும். நிரலுக்கோ அது வெறும் 241. இடம் 1000 ஆகவே இருந்தால் அடுத்து 2410, 4102, பிறகு 1024 என்று சுற்று ஒழுங்காக முடியும். ஒவ்வொரு முறையும் இலக்கத்தைப் புதிதாக எண்ணினால் இடம் 100 ஆகிவிடும். 241, 412, 124, மறுபடியும் 241 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். 1024 திரும்ப வரவே வராது. ‘பழைய எண் வரும்வரை’ என்று லூப் எழுதியவருக்கு நிரல் நிற்காது, காரணமும் புரியாது. அதனால் இடத்தை லூப்புக்கு வெளியே ஒரே முறை கணக்கிடுங்கள். லூப்பை இலக்கம் - 1 தடவை என்று எண்ணி ஓட்டுங்கள்.

எண்ணி ஓட்டும்போது 1212 போன்றவற்றில் அதே எண் நடுவிலும் வரும். ‘எல்லாவற்றையும்விடப் பெரியதா’ என்பதும் ‘எதற்கும் குறையாததா’ என்பதும் பிரிவது இங்கேதான். 2121-க்கு முதல் கேள்வியின் விடை இல்லை, இரண்டாவதற்கு ஆம். கேள்வித்தாளின் சொல்லை இரண்டு முறை படித்த பிறகே > அல்லது >= போடுங்கள். வெவ்வேறு சுழற்சிகளின் எண்ணிக்கையைக் கேட்டாலும் இதே கவனம் வேண்டும்: 1212-க்கு விடை 2, நான்கு அல்ல.

பத்து இலக்க எண் உள்ளீடாக வரலாம் என்றால், சி மொழியின் சாதாரண முழு எண் வகையான இன்ட் போதாது. 1999999999 அதற்குள் அடங்கும். அதன் முதல் சுழற்சி 9999999991 அடங்காது, 32 பிட் இன்ட்டின் எல்லை 2147483647. இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் லாங் லாங் வகையை எடுங்கள்.

எண்ணை ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துச் சரமாகச் சுழற்றுவது எளிது, முன்சுழியமும் தொலையாது. நீளம் ஒன்றாக இருக்கும்வரை ஸ்ட்ரிங் ஒப்பீடும் எண் ஒப்பீடும் ஒரே விடை தரும். நடுவில் எண்ணாக மாற்றி மறுபடி ஸ்ட்ரிங் ஆக்கினால் பழைய 241 சிக்கல்தான்.

கொடுக்கும் முன் 0, 7, 1000, 1024, 1111, 2121 ஆகிய ஆறையும் ஓட்டிப் பாருங்கள். கூடவே 142857-இன் சுழற்சிகளை அச்சிடுங்கள். அந்தச் சுழற்சிகள் ஆறும் அதே எண்ணின் 1 முதல் 6 வரையான மடங்குகள், மிகப் பெரியது 857142. ஒன்று பிசகினாலும் உடனே தெரிந்துவிடும்.