பதினாறாம் அதிகாரத்தில் ஒரு வசனம்

மார்ச் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, புதிதாக வேதபாட வகுப்பு தொடங்கியிருக்கும் தம்பியைச் சுற்றி எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் மூவர் போன மாதம்வரை என் புதன்கிழமை வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்தவர்கள். நான் எண்ணிப் பார்த்தேன் என்பதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். பிறகு மூத்த உறுப்பினர் ஒருவரிடம், “தம்பிக்குப் பெருமை வந்துவிடாதபடி ஜெபித்துக்கொள்ளுங்கள், ஐயா” என்றேன். சபைக்குள் புறங்கூற ஜெபக் குறிப்பைப்போல் பாதுகாப்பான வழி வேறில்லை. சொன்னவருக்குப் பக்திமான் என்ற பெயரும் கிடைத்துவிடும்.

மார்ச் 5, புதன்

வகுப்புக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். முடிந்ததும் ஓர் அம்மா அருகில் வந்து, “நாங்கள் உங்கள் பக்கம்தான், ஐயா” என்றார். கேட்கும்போது இனித்தது, வீடு வந்து சேர்வதற்குள் உறுத்தத் தொடங்கிவிட்டது. பக்கம் என்று ஒன்று எப்போது உண்டாயிற்று?

மார்ச் 8, சனி

கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தை ஒரே அமர்வில் வாசித்தேன். ஏறத்தாழ கி.பி. 55இல் எபேசுவிலிருந்து அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய கடிதம் அது. பவுலைச் சேர்ந்தவர், அப்பொல்லோவைச் சேர்ந்தவர், கேபாவை, அதாவது பேதுருவைச் சேர்ந்தவர் என்று அந்தச் சபை பிரிந்து நின்றது. கிறிஸ்துவைச் சேர்ந்தவர் என்று சொல்லிக்கொண்டவர்களையும் பவுல் அதே வரிசையில்தான் நிறுத்துகிறார். அந்தச் சபையை நிறுவியவர் பவுல். பின்னால் வந்த அலெக்சந்திரியா ஊரானாகிய அப்பொல்லோவோ சொல்வன்மை மிக்கவர். பவுலின் பேச்சு அற்பமானது என்று அங்கே சிலர் சொன்னதை அவரே இரண்டாம் நிருபத்தில் எழுதியிருக்கிறார். பொறாமைக்கு இதைவிட வளமான நிலம் கிடைக்காது.

நட்டவன் ஒருவன், நீர்ப்பாய்ச்சினவன் ஒருவன், விளையச்செய்தவர் தேவன் என்ற மூன்றாம் அதிகாரப் பகுதியை நான் எத்தனையோ முறை போதித்திருக்கிறேன். அது நாவில் நின்றதே தவிர உள்ளே இறங்கவில்லை. இன்று என்னைப் பிடித்து நிறுத்தியது, வாழ்த்துதலும் பயண விவரமும்தானே என்று வழக்கமாகப் புரட்டிவிடும் 16ஆம் அதிகாரத்தின் 12ஆம் வசனம். கொரிந்துவுக்குப் போகும்படி அப்பொல்லோவை மிகவும் வேண்டிக்கொண்டதாகப் பவுல் அதில் எழுதுகிறார். தம்மோடு ஒப்பிட்டு எந்த ஊரார் அவரைப் புகழ்ந்தார்களோ, அதே ஊருக்கு! அப்போது போக அப்பொல்லோவுக்கு மனதில்லை. கட்சி இன்னும் வலுத்துவிடும் என்று அவர் தயங்கியிருக்கலாம் என்பது என் ஊகம்.

மார்ச் 11, செவ்வாய்

ஏறத்தாழ 96இல் ரோம் சபை அதே கொரிந்துவுக்கு அனுப்பிய, ரோம் சபைத் தலைவர் கிளெமெந்துவின் பெயரால் வழங்கும் கடிதத்தை வாசித்தேன். இம்முறை கொரிந்தியர் சபையை நடத்திய மூப்பர்களையே பொறுப்பிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். தம்பியைக் கொன்ற காயீன் தொடங்கிப் பொறாமை செய்த கேடுகளை அடுக்கிவிட்டு, பவுலின் நிருபத்தை எடுத்துப் பாருங்கள் என்கிறது கடிதம். நாற்பது ஆண்டுகள் அந்த நிருபத்தைக் கையில் வைத்திருந்தவர்களின் கதி இது.

மார்ச் 13, வியாழன்

மூன்று முறை எண்ணை அழுத்தித் துண்டித்த பிறகு, நான்காம் முறை தம்பியிடம் பேசினேன். என் வகுப்புக்கு வந்து கொரிந்தியர் மூன்றாம் அதிகாரத்தை எடுக்க வேண்டும் என்று கேட்டேன். சற்று மௌனம், பிறகு, “அடுத்த வாரம் இயலாது, அண்ணா, அதற்கடுத்த வாரம் வருகிறேன்” என்றார். தட்டிக்கழிக்கிறாரோ என்று உடனே சந்தேகப்பட்டேன். பழைய புண் அவ்வளவு சீக்கிரம் ஆறுவதில்லை.

மார்ச் 26, புதன்

வந்தார். நான் பின்வரிசையில் அமர்ந்தேன். நடுகிறவனும் நீர்ப்பாய்ச்சுகிறவனும் ஒன்றாயிருக்கிறார்கள் என்ற எட்டாம் வசனத்திலேயே அவர் கால்மணி நேரம் நின்றார்; நான் எப்போதும் அதைக் கடந்து, அவனவன் கூலியைப் பெறுவான் என்ற அதன் பின்பகுதிக்குப் போய்விடுவேன். என் நோட்டில் குறித்துக்கொண்டேன், எவர் கண்ணிலும் படாத சிறிய எழுத்தில்.

நான் ஜெபக் குறிப்பு சொல்லி வைத்த மூத்த உறுப்பினர் மட்டும் இறுதிவரை வேதத்தைத் திறக்காமல், கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். போகும்போது என்னிடம், “நீங்கள் சொன்னது சரிதான், பெருமை தெரிகிறது” என்றார். சுற்றிலும் ஆள் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. நாளை மாலை அவர் வீட்டுக்குச் சென்று, அன்றைக்கு அதை ஏன் சொன்னேன் என்பதைச் சொல்ல வேண்டும். தொலைபேசியில் பேசும் விஷயமல்ல அது.