முட்டி வலியோடு ஓடிய மாம்பழ சீசன்

ஜூன் 1, 2025, ஞாயிறு

கிருஷ்ணகிரியில் எங்கள் ஊர் கே.ஆர்.பி. அணைப் பக்கம் நீண்ட ஓட்டம். 14 கி.மீ. என்று கோச் எங்கள் ஓட்டக் கிளப் குரூப்பில் போட்டிருந்தார். அவதானப்பட்டி ஏரி தாண்டும் வரை ஒன்றுமில்லை. அப்புறம் வலது முட்டிச்சில்லைச் சுற்றி மறுபடி வலி தொடங்கியது. எந்த இடம் என்று ஒரு விரலால் காட்ட முடியாது, உள்ளங்கையை வைத்துத்தான் காட்ட வேண்டும். சமதளத்தில் தாங்குகிறது, இறக்கத்தில் சுருக்கென்கிறது. 9 கி.மீ.யில் நின்றுவிட்டேன். கிளப்பில் என்னோடு ஓடும் பேங்க் அக்கா ஸ்கூட்டியில் வீட்டில் விட்டார்.

அத்தை பார்த்துவிட்டு, "நாப்பத்தி ரெண்டு வயசுல எதுக்கும்மா இந்த ஓட்டம், முட்டி தேஞ்சு போச்சுன்னா யார் பார்க்கிறது" என்றார். அவருக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம், படி ஏறவே கஷ்டப்படுகிறார். அந்தப் பயத்தில் சொல்கிறார் என்பது எனக்குப் புரிகிறது.

ஜூன் 4, புதன்

போன மாதம் பார்த்த டாக்டர் என்னைப் படுக்க வைத்துக்கூடப் பார்க்கவில்லை. "ஓடுறதை விட்டுடுங்க" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்று பார்த்த பிசியோதெரபிஸ்ட் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழச் சொன்னார், படியிலிருந்து மெதுவாக இறங்கச் சொன்னார், இடுப்பின் பக்கவாட்டுத் தசையைத் தள்ளிப் பார்த்தார். ஒற்றைக் காலில் உட்காரும்போது வலது முட்டி உள்பக்கமாகச் சாய்கிறது. கண்ணாடியில் எனக்கே தெரிந்தது.

வீக்கம் இல்லை, முட்டி பூட்டிக்கொள்வதில்லை, நடக்கும்போது கால் விட்டுப்போவதில்லை. அதனால் இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம் என்றார். முட்டிச்சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவில் இருக்கும் மூட்டில் வருகிற வலி இது. ஓடுகிறவர்களுக்கு அதிகம் வருவது, அதிலும் பெண்களுக்குக் கூடுதலாக. படி இறங்கும்போது, குந்தி உட்காரும்போது, பஸ்ஸில் ரொம்ப நேரம் முட்டியை மடக்கி உட்கார்ந்து எழும்போது வலிப்பதெல்லாம் இதன் அடையாளம்.

ஓடலாமா என்று கேட்டேன். ஓடலாம், கணக்கோடு ஓட வேண்டும் என்றார். வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் போட வேண்டும். ஓடும்போது 3-ஐத் தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் அடுத்த ஓட்டத்தைக் குறைக்க வேண்டும்.

அத்தையின் தேய்மானத்தைப் பற்றியும் கேட்டேன். 2017-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வைச் சொன்னார். பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முட்டித் தேய்மானம் இருந்தது 3.5 சதவீதம் பேருக்கு. ஓடாமல் உட்கார்ந்தே இருக்கிறவர்களில் 10.2 சதவீதம். தொழில்முறைப் போட்டியாளர்களில் 13.3 சதவீதம். ஓடுவதுதான் காப்பாற்றுகிறது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாதாம், ஆனால் நம் அளவுக்கு ஓடுவது முட்டியைத் தின்றுவிடும் என்பதற்கு இதில் ஆதாரமில்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் முதலில் இதைத்தான் சொன்னேன். தலையாட்டினார், நம்பவில்லை.

ஜூன் 13, வெள்ளி

வேலை உச்சத்தில் இருக்கிறது. மாங்கூழ் ஃபேக்டரியில் எங்கள் லேபுக்கு ஜூன், ஜூலை இரண்டும் தூங்காத மாதங்கள். வாசலில் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டரும் லாரியும் வரிசை கட்டி நிற்கின்றன. இந்த வருஷம் காய்க்கு விலையே இல்லை. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று ஒரு விவசாயி லோடு மேலேயே உட்கார்ந்து அழுதார். அதைப் பார்த்த பிறகு என் முட்டியைப் பற்றி எழுதவே மனம் வரவில்லை. ஆனாலும் பிசியோ கேட்ட பட்டியலை முடிக்க வேண்டும்.

எழுந்ததிலிருந்து படுக்கும் வரை முட்டி என்னென்ன வேலை பார்க்கிறது என்று எழுதி வரச் சொல்லியிருந்தார். எழுதினேன். குந்தி உட்கார்ந்து வாசலில் கோலம். தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்குவது. கம்பெனி பஸ்ஸில் முட்டியை மடக்கி முக்கால் மணி நேரம். சிமெண்ட் தரையில் ஷிஃப்ட் முழுக்க நிற்பது. சாம்பிள் எடுக்கக் கூழ் டேங்க் மேடைக்கு இரும்புப் படியில் ஏறி இறங்குவது. கூழின் இனிப்பு அளவான பிரிக்ஸ் பார்க்க ஒவ்வொரு பேட்சுக்கும் அந்தப் படிதான்.

சமதளத்தில் நடந்தால் முட்டிச்சில்லின் மேல் ஏறக்குறைய உடல் எடை அளவுக்கு அழுத்தம். படியில் சுமார் 3 மடங்கு, ஓடும்போது சுமார் 5 மடங்கு, முழுக்கக் குந்தினால் அதற்கும் மேல். பட்டியலைப் படித்த பிசியோ, "ஓட்டம் இதுல கடைசி வரி மட்டும்தான்" என்றார். ஏப்ரல் வரை இதே தூரம் ஓடியும் ஏன் வலிக்கவில்லை, சீசன் தொடங்கியதும் ஏன் வந்தது என்று இத்தனை நாள் குழம்பிக்கொண்டிருந்தேன். கடன் கணக்கு மாதிரிதான் இருக்கிறது, யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று தனித்தனியாகப் பார்த்தால் தெரிவதில்லை.

லேபில் பேசிவிட்டேன். சாம்பிள் எடுக்கும் வேலையைக் கூட வேலை பார்க்கும் தம்பியோடு பாதியாகப் பிரித்துக்கொண்டோம். நிற்கும் இடத்தில் ரப்பர் மேட் போட்டுத் தந்தார்கள். கோலம் சீசன் முடியும் வரை மகள் பொறுப்பு. காய் இனி மேடையில் நின்று கத்தியில்தான்.

ஜூன் 22, ஞாயிறு

கிளப்புக்குத் திரும்பிவிட்டேன்! விளையாட்டு அரங்கத்தில் 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, மொத்தம் 4 கி.மீ. வலி 2.

கோச் என் காலடியை எண்ணினார். நிமிடத்துக்கு 158. அதை 166-க்குக் கொண்டுவரச் சொன்னார், வேகத்தைக் கூட்டாமல். காலடியை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே ஒவ்வோர் அடியிலும் முட்டி வாங்கும் சுமை குறையும். கால் உடம்புக்கு ரொம்ப முன்னால் போய் விழாது. போனில் தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்து ஓடினேன். முதல் சுற்றில் மூச்சு வாங்கியது, மூன்றாவதில் கால் தானாகப் பிடித்துக்கொண்டது.

பக்கத்து டிராக்கில் போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் 1500 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தார்கள். 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அவர்களில் ஒரு தம்பிக்கும் முட்டி வலி. முட்டிப் பட்டையை இறுக்கிக் கட்டி ஓடுகிறான், தேர்வு நெருங்குவதால் யாரிடமும் சொல்லவில்லையாம். கோச்சிடம் நானே கூட்டிப்போனேன்.

ஜூலை 8, செவ்வாய்

பயிற்சி மட்டும். பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், சுவரில் சாய்ந்து உட்காருவது, ஒரு செங்கல் உயரத்திலிருந்து மெதுவாக இறங்குவது. வாரம் மூன்று நாள். அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒற்றைக் காலில் உட்காரும்போது முட்டி முன்போல உள்ளே சாயவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கிளப் இன்று கோட்டை மலைக்குப் போனது. சையத் பாஷா மலைப் படிகளில் ஏற்றப் பயிற்சி. எனக்கு அந்த மலை ரொம்பப் பிடிக்கும். மேலே நின்றால் ஊர் முழுக்கத் தெரியும், தூரத்தில் ஹைவேயில் லாரிகள் ஊர்வது தெரியும். இன்று கீழேயே நின்று எல்லோருடைய தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் இருந்தேன். ஏறுவது எனக்குப் பரவாயில்லை, இறங்குவதுதான் ஆகாது. தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கும்போது முட்டிச்சில்லை நன்றாக அழுத்துகிறது.

கிளப்பில் ஒருவர்கூட "வா, ஒண்ணும் ஆகாது" என்று இழுக்கவில்லை. இதற்காகவே இந்தக் கிளப்பை விட்டு நான் போக மாட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடி 18

அணைப் பக்கம் ஆடிப்பெருக்குக் கூட்டம் இருக்கும் என்று 4.30-க்கே கிளம்பினோம். திரும்பும்போது குடும்பம் குடும்பமாகத் தென்பெண்ணைக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி எங்களை நிறுத்தி ஆளுக்கொரு பிடி தேங்காய்ச் சோறு கொடுத்தார். நடை இல்லாமல் 8 கி.மீ. ஓடினேன். காலடி 167. வலி 1, சாயங்காலம் அதுவும் இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

வலி 4. காரணம் தெரியும். லேப் தம்பி லீவு, மூன்று நாளாக எல்லா சாம்பிளும் நான்தான் எடுத்தேன். இன்றைய வேக ஓட்டத்தை விட்டுவிட்டு 20 நிமிடம் நடந்தேன். ஜூனில் இப்படி நடந்திருந்தால் இரவெல்லாம் பயந்திருப்பேன். இப்போது பயமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் இறங்கிவிடும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

28-ஆம் தேதி ஓசூரில் போட்டி. கிளப்பில் பாதிப்பேர் 21.1 கி.மீ. நானும் அதற்குத்தான் பணம் கட்டியிருந்தேன், அமைப்பாளர்களிடம் கேட்டு 10-க்கு மாற்றிக்கொண்டேன். வலிக்குப் பிறகு நான் ஒரே ஓட்டத்தில் எட்டிய அதிகபட்ச தூரம் 11. அதிலிருந்து 21-க்குத் தாவ முட்டி தயாரில்லை. பேங்க் அக்காவுக்கு வருத்தம், இரண்டு பேரும் சேர்ந்து முடிப்பதாகப் பேசியிருந்தோம். எனக்கும் வருத்தம்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஓசூர் நம் ஊரைவிட நல்ல உயரத்தில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு ஸ்வெட்டர் தேவைப்பட்டது. பாதை மேடும் பள்ளமுமாக இருந்தது. மேட்டில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போக விட்டேன். இறக்கத்தில் காலடியைச் சின்னதாக்கி, வேகமாக வைத்து, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து ஓடினேன். 6 கி.மீ.க்குப் பிறகு வலி 2. அங்கேயே நின்றது, ஏறவில்லை. கடைசி 2 கி.மீ. முழுப் பலத்தோடு ஓடினேன். 1 மணி 6 நிமிடம். என் பழைய நேரம் 1 மணி 3 நிமிடம், ஆனால் அப்போது மறுநாள் படி இறங்க முடியவில்லை.

அக்கா 21.1 முடித்து வரும் வரை முடிவுக் கோட்டின் அருகே நின்று தொண்டை வறளக் கத்தினேன். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

செப்டம்பர் 29, திங்கள்

காலையில் மாடிப்படி இறங்கிப் பார்த்தேன். 1. மதியம் 0. பிசியோவுக்கு மெசேஜ் அனுப்பினேன். அத்தை மெடலை வாங்கிப் பார்த்துவிட்டு நவராத்திரிக் கொலுப்படியில் செட்டியார் பொம்மை பக்கத்தில் வைத்துவிட்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு

கிளப்பில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். காவேரிப்பட்டணத்தில் தையல் கடை. இரண்டு முட்டியிலும் வலி, ஓட ஆரம்பித்ததால்தான் வந்தது என்று வீட்டில் திட்டுகிறார்களாம். பிசியோ நம்பர் கொடுத்தேன். அங்கே போவதற்கு முன்னால் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை பட்டியல் எழுதச் சொன்னேன். தையல் மிஷின் மிதிப்பதையும் எழுதணுமா என்று கேட்டார். அதைத்தான் முதலில் எழுதுங்கள் என்றேன். புதன்கிழமை கொண்டுவருகிறார்.