தம்பிக்கு மாத்திரை வாங்க அலைந்த கதை

தம்பி இப்போது பரவாயில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டேப்பென்டடால் வலி மாத்திரையைப் பொடித்து ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தவனை பெங்களூரில் ஒரு போதை மீட்பு மையத்தில் சேர்த்தோம். அங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை. பாடெல்லாம் டிஸ்சார்ஜுக்கு அப்புறம்தான்.

எழுதிக் கொடுத்தது புப்ரினார்ஃபின்-நலாக்சோன், பழைய மாத்திரைமேல் வரும் ஏக்கத்தை அடக்க நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற மாத்திரை. ஓசூரில் எந்த மெடிக்கலில் சீட்டை நீட்டினாலும் உதட்டைப் பிதுக்கினார்கள், ஒருத்தர் என்னையே மேலும் கீழும் பார்த்தார். இது கடையில் விற்கிற சரக்கே இல்லை, போதை மீட்பு மையங்களுக்குத்தான் சப்ளை என்று அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? சரி என்று நம்ம மாவட்டத்திலேயே ஒரு மையத்துக்குப் போனால், கவுண்டரில் இருந்தவர் பெங்களூரில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டிவிட்டு, "டோஸ் எங்க சார் போட்டிருக்கு? கடைசியா என்னைக்குக் கொடுத்தாங்க?" என்றார். இரண்டுமே இல்லை. போன் போட்டுக் கேளுங்களேன் என்றால், "எழுதி வாங்கிட்டு வாங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மறுபடி அத்திப்பள்ளி வழியாக பெங்களூர், மறுபடி டிராபிக். அதற்குள் மாத்திரை இல்லாமல் தம்பிக்குக் கொட்டாவி, மூக்கு ஒழுகல், கால் குடைச்சல் எல்லாம் ஆரம்பித்துவிட்டது.

அதனால் டோஸ் எத்தனை மில்லிகிராம், கடைசியாகக் கொடுத்த தேதி, டாக்டர் கையெழுத்து, சீல் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்காமல் வார்டை விட்டு வெளியே வராதீர்கள். இடையில் பழைய மாத்திரையைத் தொட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்கவே கூடாது, அது உடம்பில் இருக்கும்போது இதை வைத்தால் அவஸ்தை தாங்க முடியாது. விட்டு இருந்தவன் திரும்பப் பழைய அளவிலேயே ஏற்றினால் மூச்சே நின்றுவிடலாம், இதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பெங்களூர் மையத்திலிருந்து கிளம்பும்போது தம்பியிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். வார்டு சுத்தமா, சாப்பாடு எப்படி, டாக்டர் பொறுமையாகப் பேசினாரா? எல்லாவற்றுக்கும் 'மிகவும் திருப்தி' என்று டிக் அடித்தான், பொய்யும் இல்லை. திரும்பிப் போகிற தெருவில் அந்த மாத்திரை கிடைக்குமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. வந்த அன்றைக்கே சாயங்காலம் பழைய கூட்டாளி வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடிக்கிறான்! சிப்காட் பக்கத்து ரூமைக் காலி பண்ணி, சிம்மை மாற்றி, ராயக்கோட்டையில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

எங்கே மாத்திரை கிடைக்கும் என்று தெரியாமல் அலைபவர்கள் போதை மீட்பு உதவி எண் 14446க்குப் போன் போட்டுக் கேளுங்கள். ஆதார் ஜெராக்ஸ் இரண்டு செட் கையோடு கொண்டுபோங்கள், நான் போன மையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைகூடக் கிடையாது.