தரம் 4இல் ஒரு சீட்டுப் பெட்டி

யூன் 3, செவ்வாய்

கச்சான் காற்றில் கொப்பிகள் பறக்கிற நேரம் பார்த்துத்தான் புது வேலை தொடங்கினேன். பிஸ்கட் டின்னுக்குள் எல்லாப் பிள்ளைகளின் பெயரும். காலையில் ஒரு சீட்டு எடுப்போம். அந்தப் பிள்ளையைப் பகல் முழுக்கக் கவனித்து, கடைசிப் பாடத்தில் மூன்று பேர் பாராட்ட வேண்டும். இன்றைக்கு வந்த பாராட்டுகள்: நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை, வடிவான பிள்ளை. அந்தப் பிள்ளைக்கே கொட்டாவி வந்தது.

யூன் 5, வியாழன்

‘நல்ல’, ‘வடிவு’, ‘கெட்டிக்காரன்’ மூன்றுக்கும் தடை. கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும்.

பக்கத்து வகுப்பு டீச்சருக்கு இது பிடிக்கவில்லை. “அடுத்த வருசம் புலமைப்பரிசில் சோதினை எழுதப்போற பிள்ளைகளைக் கெட்டிக்காரர் எண்டு சொல்லாமல் வேறென்ன சொல்லுறது?” என்றார். அமெரிக்காவில் முல்லர், டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். அதுவும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துத்தான். ஒரு கூட்டத்தைப் புத்திசாலிகள் என்றார்கள், இன்னொரு கூட்டத்தை நன்றாக முயன்றீர்கள் என்றார்கள். பிறகு கடினமான புதிர்கள் கொடுத்துச் சறுக்க வைத்தபோது, புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள்தான் சோர்ந்துபோனார்கள். தங்கள் புள்ளியைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களுக்குள்தான் அதிகம். டீச்சர் தேநீரைக் குடித்து முடித்தார், பதில் சொல்லவில்லை.

யூன் 9, திங்கள்

திருக்கடலூர்ப் பையனின் சீட்டு. ஒருத்தி எழும்பினாள்: “மதிலடியில மான் நிக்கேக்க, கல்லெடுத்த பெரிய வகுப்பு அண்ணாவை இவன் எறிய விடேல்ல.”

திருகோணமலைப் பிள்ளைகளுக்கு மான் புதினமில்லை, பெரிய வகுப்பு அண்ணாவை எதிர்த்ததுதான் புதினம். வகுப்பே திரும்பிப் பார்த்தது. பையனோ, “இல்லை டீச்சர், அந்த அண்ணா எறிஞ்சிருக்க மாட்டார்” என்று வாங்குக்குக் கீழே பென்சில் தேடப் போய்விட்டான்.

வீட்டிலும் நாங்கள் இப்படித்தானே. கறி நல்லாயிருக்கு என்றால் “உப்புக் கூடிப்போச்சு” என்போம். சொன்னவரைப் பொய்யராக்கிவிடுகிற பணிவு இது, எனக்குப் பிடிப்பதில்லை. அதனால் பாராட்டை வாங்குகிற பயிற்சியும் தொடங்கியாயிற்று. சொன்னவரின் முகத்தைப் பார், நன்றி சொல், அப்புறம் வாயை மூடு. மூன்றாவதுதான் பிள்ளைகளுக்குப் பெரும் பாடு.

யூன் 11, புதன்

ஒரு அம்மம்மா வாசலில் மறித்தார். “இத்தனை பேர் புகழ்ந்தால் பிள்ளைக்கு நாவூறு படாதே, டீச்சர்?” நேற்றிரவே செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டாராம். “அழகையும் புள்ளியையும் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை அம்மா, அடிமட்டம் இரவல் குடுத்தாள் எண்டுதான் சொன்னவை” என்றேன். யோசித்தார். “அடிமட்டத்துக்குப் படாதுதான்.”

யூன் 13, வெள்ளி

அதிகம் பேசாத ஒரு பிள்ளை வள்ளம் வரைந்தாள். இப்படியான பிள்ளைகளிடம்தான் ‘அற்புதம்!’ என்று அள்ளிக் கொட்ட வாய் வரும். பிரம்மல்மன் என்ற நெதர்லாந்து ஆய்வாளரின் குழு 2014இல் கண்டது இதற்கு நேர்மாறு: தன்மதிப்புக் குறைந்த பிள்ளைகளை மிகையாகப் புகழ்ந்தால், அடுத்த முறை கடினமானதைத் தொடவே தயங்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் அதே உயரத்துக்கு யார் எம்புவது?

“வலையில மிதப்புக்கட்டையைக்கூட ஒவ்வொண்டா வரைஞ்சிருக்கிறாய்” என்றேன்.

“இன்னும் ரெண்டு கிடக்கு டீச்சர், மடிப்புக்குள்ள” என்று விரலால் காட்டினாள். இந்தத் தவணையில் அவள் தானாக என்னிடம் சொன்ன முதல் நீள வசனம்.

திங்கட்கிழமை டின்னுக்குள் அதிபரின் பெயரையும் போடச் சொல்கிறார்கள். போடலாம். அவருக்கும் அந்த மூன்றாவது விதியைச் சொல்லித்தர வேண்டியிருக்கும்.