இறக்கத்தை எடுத்துவிடச் சொன்னார்

எங்கள் மொபைல் கேமில் ‘துளி’ என்றொரு மருந்து. நாயகி மனத்தாலேயே பொருள்களை நகர்த்துகிறவள். துளி போட்டால் முப்பது விநாடிக்கு லாரியையே தூக்கிவிடுவாள். தீர்ந்ததும் ஒரு நாற்காலியைக்கூட அசைக்க முடியாது. போடப் போட அந்த இறக்கம் நீண்டுகொண்டே போகும். அப்படித்தான் நான் வடிவமைத்திருந்தேன்.

ரிவ்யூவில் எங்கள் டீம் லீட் சொன்னார்: “இறக்கத்தை எடுத்துரும்மா. ஏத்தம் மட்டும் இருக்கட்டும்.”

“இறக்கம் இல்லைன்னா அது போதை மருந்தே இல்லையேண்ணா.”

“அவ அடிமையானா, பிளேயர் அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போயிடுவான்.”

அவர் சொன்னது தொழில்ரீதியாகச் சரி. டெஸ்டர்களும் இறக்கம் வரும் இடத்தில்தான் ஃபோனைக் கீழே வைத்தார்கள். அவர் உதாரணமும் காட்டினார். 2007-ல் வந்த பயோஷாக் என்ற கேமில் ‘ஆடம்’ என்ற பொருளைப் போட்டுப் போட்டு ஒரு நகரமே பித்துப் பிடித்துக் கிடக்கும். அதையே போட்டுக்கொள்ளும் நமக்கு மட்டும் எதுவும் ஆகாது. நான் ஃபால்அவுட் 3 என்ற கேமைச் சொன்னேன். அதில் மருந்துப் பழக்கம் தொற்றினால் நம் பலம் குறையும். டாக்டருக்குக் காசு கொடுத்துத் தேறிக்கொள்ளலாம். 2008-ல் அந்த கேமில் மார்ஃபின் என்ற நிஜப் பெயர் இருந்ததற்காக ஆஸ்திரேலியத் தணிக்கை வாரியம் முதலில் அனுமதி மறுத்தது. பெயரை மெட்-எக்ஸ் என்று மாற்றிய பிறகு விட்டது. எங்கள் துளிக்கோ கற்பனைப் பெயர். யாரும் எதுவும் கேட்கவில்லை.

இறக்கத்தை எடுத்தோம். முதல் சில துளிகள் இலவசம். அப்புறம் விளம்பரம் பார்க்க வேண்டும், இல்லை காசு கொடுத்து ஜெம் (கேமுக்குள் செலவழிக்கும் நாணயம்) வாங்க வேண்டும். நாயகிக்கு எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் நள்ளிரவு தாண்டியும் அதே ஆட்கள் துளி வாங்குவதை டாஷ்போர்டில் பார்த்தபோது, அவளுக்கு நான் எழுதிவைத்த பழக்கம் திரைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. நான் எழுதிய இறக்கம் ஒரு எச்சரிக்கை. அதை நீக்கிவிட்டு ஆசையை மட்டும் விற்றோம்.

இப்படித்தான் உறுதியாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகொரு நாள் டீ குடிக்கும்போது லீட் வேறொன்று சொன்னார்.

“உன் இறக்கம் இருந்திருந்தா சேல்ஸ் டீம் என்ன பண்ணியிருப்பாங்க தெரியுமா? மாத்து மருந்து வித்திருப்பாங்க. ஏத்தத்துக்கு ஒரு காசு, தேறுறதுக்கு ஒரு காசு.”

அவர் அப்போதே இதை யோசித்திருந்தாரா, பிறகு கண்டுபிடித்த சமாதானமா? தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை. ஆனால் அவர் சொன்னது நடந்திருக்கும். ஃபால்அவுட் டாக்டர் வாங்குவது விளையாட்டுக்குள் கிடைத்த காசு. எங்கள் கடையில் எல்லாமே யுபிஐ. நான் எச்சரிக்கை என்று நினைத்ததை ஒரே வாரத்தில் இரண்டாவது கல்லாவாக்கியிருப்பார்கள்.

அப்படியானால் அவர் செய்ததுதான் நல்லதா? இரவெல்லாம் துளி வாங்கியவர்களை நினைத்தால் அதையும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. இறக்கத்தை ஆடுகிறவர் உணரத்தான் வேண்டும் என்று இன்றும் நம்புகிறேன். அதை விற்காமல் விடுகிற கம்பெனியை மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

இப்போதைய புராஜெக்டிலும் அதே மாதிரி ஒரு மருந்து இருக்கிறது. டிசைன் டாக்குமென்ட்டில் இறக்கத்தை மறுபடி எழுதி, “இதற்கான மாற்று மருந்தை எந்த விலைக்கும் விற்கக் கூடாது” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ரிவ்யூ அடுத்த மாதம்.