பாலமும் அதன் அடியில் ஓடும் நீரும்

இன்று காலை பினாங்கில் மருத்துவ மாணவர்களுக்கு இனப்பெருக்க மண்டலத்தின் உடற்கூறு நடத்தினேன். கருப்பை சுமார் 7.5 செ.மீ., கருக்குழாய் சுமார் 10 செ.மீ. என்பதையெல்லாம் அவர்கள் மனப்பாடமாகவே வைத்திருந்ததால் அங்கே நான் நிற்கவில்லை. கருப்பை வாய்க்குப் பக்கவாட்டில் ஏறக்குறைய 2 செ.மீ. தள்ளி, கருப்பைத் தமனி, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் சிறுநீர்க்குழாயின் மேலாகக் குறுக்கே கடந்து செல்லும் இடத்துக்குத்தான் பாதி வகுப்பு செலவானது. சிவப்புக் கம்பளி நூலின் அடியில் மஞ்சள் நூலை நுழைத்துக் காட்டி, 1985இல் திறக்கப்பட்ட நம் பினாங்குப் பாலத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். மேலே தமனி, கீழே நீர். கருப்பையை அகற்றும்போது தமனியைக் கட்டுகிற கை சற்றுப் பிசகினால், அடியில் உள்ள குழாயும் சேர்ந்து கட்டுப்பட்டு, சிறுநீரகமே பழுதாகிவிடக்கூடும் என்றதும் வகுப்பு அமைதியானது.

வகுப்பு முடிந்தபின் ஒரு தமிழ் மாணவி தயங்கியபடி வந்து, “டாக்டர், ஒரு பாட்டி ‘வீட்டுக்குத் தூரம்’ என்றார், எனக்குப் புரியவில்லை” என்றார். மாதவிடாயைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கினேன். மலாயில் கூச்சமின்றிக் கேட்கும் இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல் கிடைக்காதது, உண்மையைச் சொன்னால், எங்கள் தலைமுறையின் குறைதான். அடுத்த வாரம் நோயாளியிடம் தமிழில் விவரம் கேட்கும் பயிற்சியையும் சேர்த்திருக்கிறேன்.