பேக்ஸ்பேஸ் சொன்ன கணக்கு

ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையில் நான் சேர்ந்தபோது, இரண்டு கைகளிலும் சேர்த்து நான்கு விரல்களால்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கண் கீபோர்டில் இருக்கும், அவ்வப்போது திரைக்குப் போய் வரும். ஆனாலும் நிமிடத்துக்கு 40 வார்த்தை வந்துவிடும். அதனால் இதில் கற்க இன்னும் ஏதோ இருக்கிறது என்ற எண்ணமே எழவில்லை.

எங்கள் பிரிவில் மூத்தவரான ஓர் அக்கா ஒரு நாள் என் பக்கத்தில் வந்து நின்றார். திரையைப் பார்க்கவில்லை. என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, உங்க கை எந்தக் கீக்கு அதிகமா போகுதுன்னு கவனிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். ஸ்பேஸ் பாராக இருக்கும் என்றேன். “பேக்ஸ்பேஸ்” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தட்டச்சு வேகத்தை அளக்கும்போது இடைவெளியையும் சேர்த்து ஐந்து தட்டல்களை ஒரு வார்த்தையாக எடுத்துக்கொள்வார்கள். 40 வார்த்தை என்றால் 200 தட்டல். பயிற்சி மென்பொருள் எனக்கு 95 விழுக்காடு துல்லியம் என்று காட்டும். நல்ல மதிப்பெண் போலத் தெரிகிறது, இல்லையா? ஆனால் 200இல் 10 பிழை அது. தவறான எழுத்துக்குப் பின் நான்கு எழுத்து அடித்த பிறகுதான் பிழை கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தையும் அழிக்க ஐந்து தட்டல், திரும்ப அடிக்க ஐந்து. ஒரு பிழைக்குப் பத்து, பத்துப் பிழைக்கு நூறு. 200 தட்டலில் முடிய வேண்டிய வேலைக்கு 300 அடித்துக்கொண்டிருந்தேன். விரலின் வேகத்தைக் கூட்ட நான் எடுத்த முயற்சி எல்லாம் இந்த நூறைத்தான் பெருக்கியது.

சரி, பத்து விரல்களாலும் பார்க்காமல் அடிக்கக் கற்பது என்று முடிவு செய்தேன். எஃப், ஜே விசைகளில் இருக்கும் சிறு மேடுகள் எதற்கு என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. இரண்டு ஆள்காட்டி விரல்களும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் மற்ற விரல்களுக்குத் தம் இடம் தானாகத் தெரிந்துவிடும். இந்த முறை மிகப் பழையது. 1888இல் சின்சினாட்டியில் நடந்த ஒரு போட்டியில், நீதிமன்றச் சுருக்கெழுத்தரான ஃபிராங்க் மெக்கரின், விசைகளின் இடத்தை மனப்பாடம் செய்து பார்க்காமலே அடித்து வென்றார். மற்றவர் பேசுவதை எழுத்தாக்குவதுதான் அவருக்கும் தொழில் என்று படித்தபோது எனக்குள் ஒரு நெருக்கம் வந்தது.

முதல் வாரம் என் வேகம் 40இலிருந்து 12க்கு இறங்கியது. காலையில் இருபது நிமிடம் புது முறை, பகல் முழுவதும் பழைய முறை என்று ஓட்டினேன். காலையில் விரல் கற்றதைப் பகல் வேலை அழித்துவிட்டது. அப்புறம் ஒரு கோடு போட்டுக்கொண்டேன்: மின்னஞ்சல், குறிப்பு எல்லாம் புது முறையில், கெடு உள்ள ஒலிப்பதிவுகள் மட்டும் பழைய முறையில். ஐந்தாவது வாரம் அந்தக் கோட்டையும் அழித்தேன். அந்த ஐந்து வாரங்களும் கடினமானவை. நன்றாகத் தெரிந்த வேலையில் மறுபடி தடுமாறுவதைப் பொறுத்துக்கொள்வதுதான் இந்தப் பயிற்சியில் பெரிய பகுதி என்று இப்போதும் நினைக்கிறேன்.

தமிழுக்கும் அப்போதே தமிழ்99 என்ற விசைப்பலகை முறைக்கு மாறினேன். உயிரெழுத்து இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ந, த என்று தட்டினால் ‘ந்த’ ஆகிவிடும். ‘தட்டச்சு’ என்ற சொல்லுக்கு ஆறே தட்டல்: த, ட, ட, ச, ச, உ. சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்வது போலவே கை போகிறது.

எங்கள் வேலையில் காதில் ஹெட்போன், காலடியில் ஒரு மிதி. மிதியை அழுத்தினால் பதிவு ஓடும், விட்டால் நிற்கும், பின்பக்கம் அழுத்தினால் சற்றுப் பின்னால் போகும். தாளைப் பார்த்து அடிப்பவர்களின் கண் எப்போதும் விரலுக்குச் சில எழுத்து முன்னால் ஓடுகிறது. கேட்டு அடிக்கும் எங்களுக்குக் காது அப்படி ஓட வேண்டும். விரல் ஒரு வாக்கியத்தை முடிக்கும்போது அடுத்த நாலைந்து சொற்கள் மனதில் காத்திருக்கும். நடுவில் ஒரு பிழை விழுந்தால் கண் திரைக்குப் போகிறது, கை பேக்ஸ்பேஸுக்குப் போகிறது, காத்திருந்த சொற்கள் கலைந்துவிடுகின்றன. காலால் பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்க வேண்டும். நான் போட்ட பத்துத் தட்டல் கணக்கில் இது சேரவே இல்லை. முன்பு ஒரு மணி நேரப் பதிவுக்கு ஆறு மணி நேரம் ஆகும். அது நான்காகக் குறைந்ததற்குக் காரணம், பின்னுக்குப் போகும் மிதியை என் கால் மறக்கத் தொடங்கியதுதான். விரல் அப்போதும் நிமிடத்துக்கு 45 வார்த்தையைத் தாண்டவில்லை.

ஆனால் வேகம் அங்கேயே மாதக்கணக்கில் நின்றுவிட்டது. பயிற்சிப் பாடங்களைத் திரும்பத் திரும்ப அடித்தும் பயனில்லை. எனக்கு ஏற்கெனவே வருவதையே அடித்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு சிறு நோட்டு வைத்து, தவறிய சொற்களை மட்டும் குறிக்க ஆரம்பித்தேன். இரண்டு வாரத்தில் ஒரு வடிவம் தெரிந்தது. ஆங்கிலத்தில் ஒரே விரல் அடுத்தடுத்து இரண்டு விசைக்குப் போக வேண்டிய இடங்களில் தடுக்கினேன். இரண்டு கையும் மாறி மாறி வரும் இடங்களில் ஒரு கை முந்திக்கொண்டு எழுத்துகள் இடம் மாறின. தமிழில் வலது சுண்டுவிரல் போக வேண்டிய ‘ழ’ பெரும்பாலும் தவறியது. அதன்பின் இந்தச் சொற்கள் மட்டும்தான் என் பாடம். மெதுவாக, ஒரு பிழையும் இல்லாமல் பத்து முறை. பிழை வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து.

அந்த நோட்டில் இல்லாத ஒரு பிழையும் உண்டு. அது இன்றும் என்னை உறுத்துகிறது. ஒரு முதியவர் தன் வாழ்க்கையைச் சொல்லியிருந்த பதிவு. 1968இல் தன் அண்ணன் இறந்ததாகச் சொல்கிறார். நான் 1986 என்று அடித்திருந்தேன். எழுத்துப்பிழை திருத்தி அதைக் காட்டாது. வாக்கியமும் சரியாகவே இருக்கிறது. சரிபார்த்த அக்கா பதிவை மறுபடி கேட்டதால்தான் பிடிபட்டது. அவர் கேட்காமல் விட்டிருந்தால் அந்த மனிதரின் அண்ணன் எங்கள் காகிதத்தில் பதினெட்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருப்பார். அவர் தம்பியின் பதினெட்டு ஆண்டுத் துக்கம் காணாமல் போயிருக்கும்.

எழுத்துகளைப் பார்க்காமல் அடிக்கக் கற்ற நான், எண் வரிசையைக் கற்காமலே விட்டிருந்தேன். எண் வந்தால் குனிந்து பார்ப்பேன். அதற்குள் காதில் இருந்தது நழுவும். மீதியை ஊகத்தில் அடிப்பேன். அன்றிலிருந்து எண்களுக்குத் தனிப் பயிற்சி. ஆண்டுகள், தேதிகள் என்று வேண்டுமென்றே ஒன்றையொன்று ஒத்தவையாக எழுதிவைத்து அடிப்பேன்: 1968, 1986, 1689, 1869. இப்போதும் பதிவில் எண் வந்தால் மிதியை விட்டு, அதை அடித்து, ஒரு முறை பின்னால் போய்க் கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன். அந்த இடத்தில் மட்டும் வேகம் எனக்கு வேண்டாம்.

காலைப் பயிற்சி இன்றும் பதினைந்து நிமிடம் நடக்கிறது. இந்த வாரம் நோட்டில் ஏழு சொற்கள் இருக்கின்றன. அவற்றில் ‘வாழ்ந்தோம்’ மூன்றாவது வாரமாக இருக்கிறது.